அது தண்ணி இல்ல, பாஸ்!

''மச்சி, மீட்டர் முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சுடா!''

நாலு பேர் சேர்ந்து கார்ல டூர் கிளம்பினா, எங்கேயாவது ஒரு டோல்கேட் தாண்டினதும் இப்படி ஒரு குரல் கேட்கும். உடனே வண்டி ஓரம் கட்டப்படும். ஒருத்தர் பானெட்டைத் தூக்குவார். இன்னொருத்தர் வாட்டர் பாட்டிலோட ஓடி வருவார். மூணாவது ஆள் கர்சீப்பைக் கையில சுத்திக்கிட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போவார்... ஸ்டாப்! அந்தக் கையை அப்படியே எடுங்க. ஏன்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

இந்த வாரம் நம்ம மேட்டர், கூலன்ட். ஒர்க்ஷாப் பில்லில் 'கூலன்ட் ஃப்ளஷ்'னு ஒரு வரி இருக்குமே, அதேதான். ''தண்ணியை மாத்துறதுக்கு எதுக்கு சார் இவ்வளவு காசு?''னு அப்பா சண்டை போடுவாரே, அந்த வரி!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ரூட்டில் காலேஜ் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, கார் ஏற்றிப் போகும் நீள டிரெய்லர்களை எண்ணுவதே ஒரு டைம்பாஸ். 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான் ஆலை திறந்தது. 2012-ல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு... இப்படி ஏரியாவே இன்ஜின் வாசனையோட இருக்கு. கேம்பஸ் இன்டர்வியூவில் இந்த ரூட்டிலேயே ஒரு வேலை கிடைத்துவிடாதா என்பது நம்மில் பலருக்குக் கனவு.

ஆனா, ''பானெட்டுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பச்சையா இருக்கே, அது என்ன?''னு கேட்டுப் பாருங்க. ''தண்ணிதானே?'' என்று பதில் வரும்.

இல்ல பாஸ். அது தண்ணி இல்ல. இந்த ஒரு வரியை மனசுல ஏத்திக்கிட்டா, மத்த எல்லாம் தானா புரியும்.

*

தாகமான முதல் லாங் டிரைவ்!

ஆரம்பத்தில் அது தண்ணியாத்தான் இருந்தது. ஒரகடத்து லாரியின் பேரில் ஒட்டியிருக்கிற 'பென்ஸ்' இருக்காரே, அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்ட்டில் கணவரிடம் சொல்லாமல், ரெண்டு மகன்களைக் கூட்டிக்கிட்டு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை காரை ஓட்டிக்கிட்டுப் போனாங்க. நூறு கிலோமீட்டருக்கு மேல்! உலகின் முதல் லாங் டிரைவ்னு இதைத்தான் சொல்றாங்க.

அந்த காரில் இன்ஜினைச் சுற்றியிருந்த தண்ணி கொதிச்சு ஆவியாகிப் போகும். அதுதான் கூலிங்! அதனால வழியில் கிடைத்த இடத்தில் எல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணி ஊற்றினாங்க. 1900-ல் வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு மாதிரி ரேடியேட்டரை வடிவமைத்த பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது. சூடான தண்ணியை மெல்லிய குழாய்கள் வழியா விட்டு, காற்றால் ஆறவெச்சு, அதே தண்ணியைத் திரும்ப இன்ஜினுக்கு அனுப்புவது... ஐடியா சிம்பிள். இன்னிக்கு உங்க வீட்டு காரிலும் அதே ஐடியாதான். உள்ளே ஓடுகிற திரவம்தான் மாறிப்போச்சு.

ஏன் மாறிச்சு?

சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரியைத் தாண்டும். இன்ஜின் ஹெட் செய்யப்படும் அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படியும் உருகாம இருக்குன்னா, சுற்றி ஓடுகிற திரவம் இடைவிடாம வெப்பத்தை அள்ளிக்கிட்டுப் போறதாலதான். பெட்ரோல் எரியும்போது கிடைக்கிற சக்தியில் ஏறக்குறைய மூணில் ஒரு பங்கை இந்தத் திரவம்தான் வெளியே கொண்டுபோய் கொட்டுது.

தண்ணி 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைகால் கலந்தால் 106 டிகிரி வரை தாங்கும். மேலே இருக்கிற மூடி சும்மா மூடி இல்ல. அது பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே சுமார் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும். அதனால கொதிநிலை 120 டிகிரிக்கும் மேலே போயிடும்.

இப்ப கர்சீப் ஆசாமி மேட்டருக்கு வருவோம். சூடான இன்ஜினின் மூடியைத் திறந்தால், உள்ளே அழுத்தம் சட்டுனு இறங்கும். 100 டிகிரிக்கு மேல் அமைதியா இருந்த திரவம் ஒரே நொடியில் கொதிச்சு, நீராவியோட முகத்துக்கு நேரா பீய்ச்சும். கர்சீப் காப்பாத்தாது. குக்கரை விசில் அடங்காம திறக்க எந்த அம்மாவும் விடமாட்டாங்க இல்லையா? அதே லாஜிக்தான். வண்டியை நிறுத்துங்க, இன்ஜினை அணைங்க, குறைஞ்சது அரை மணி நேரமாவது விடுங்க. ரேடியேட்டரைத் தொட்டா சுடவே கூடாது. அப்புறம்தான் மூடி. கொதிக்கிற இன்ஜினில் ஐஸ் வாட்டரை ஊற்றுவதும் வேண்டாம். சூடான உலோகம் விரிசல் விட வாய்ப்பு இருக்கு.

'நமக்குத்தான் பனியே கிடையாதே?'

நியாயமான கேள்வி. கூலன்ட் கேனில் 'ஆன்ட்டி ஃப்ரீஸ்'னு போட்டிருக்கும். பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. சுங்குவார்சத்திரத்தில் என்னிக்குப் பனி பெய்தது? ஆனா அந்த கேனில் நமக்கு வேண்டிய ஐட்டம் வேற ரெண்டு இருக்கு. ஒண்ணு, இப்ப சொன்ன கூடுதல் கொதிநிலை. ரெண்டு, துரு தடுப்பு ரசாயனம்.

இந்த ரெண்டாவதுதான் ஹீரோ. இன்ஜினுக்குள் அலுமினியம், இரும்பு, ரப்பர், சாலிடர்னு பல பொருள் ஒரே திரவத்தில் குளிக்குது. வெவ்வேறு உலோகங்கள் ஒரே திரவத்தில் இருந்தா என்ன நடக்கும்? ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேபை ஞாபகப்படுத்துங்க. அது ஒரு குட்டி பேட்டரி! அரிப்பு ஆரம்பிச்சிடும். அதைத் தடுக்கத்தான் அந்த ரசாயனம்.

பிரச்னை என்னன்னா, அது வேலை செய்யச் செய்யத் தீர்ந்துபோகும். திரவத்தின் அளவு குறையாது. கலர்கூட அப்படியே இருக்கும். ஆனா காவல் போயிருக்கும். செக்யூரிட்டி சேரில் யூனிஃபார்ம் மட்டும் உட்கார்ந்திருக்கிற மாதிரி! அதனாலதான் 'டப்பா ஃபுல்லாதானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?' என்ற கேள்வி தப்பு. காரின் மேனுவலில் எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர்னு போட்டிருக்கோ, அதுதான் கணக்கு.

சரி, வெறும் தண்ணி ஊற்றினா? நம்ம பக்கத்து போர் தண்ணியைக் கொதிக்க வெச்ச பாத்திரத்தோட அடியைப் பாருங்க. வெள்ளையா ஒரு படலம். கால்சியம், மெக்னீசியம் உப்பு. அதே படலம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்க்குள் படிஞ்சா, வெப்பம் வெளியே போகாது. குளோரைடு இருந்தா அலுமினியத்தைத் துளைத் துளையா அரிக்கும். அம்பாசடர் காலத்தில் கிணத்துத் தண்ணி ஊற்றி ஓட்டினாங்களேன்னு தாத்தா சொல்லுவார். நிஜம்தான். அந்தக் காலத்து ரேடியேட்டர்கள் செம்பு, பித்தளை. ஓட்டை விழுந்தா பற்றவெச்சு ஓட்டினாங்க. இன்னிக்கு வர்றது மெல்லிசு அலுமினியமும் பிளாஸ்டிக் டேங்கும். தாத்தா வைத்தியம் இதுக்கு ஆகாது.

இதோட நம்ம ஏரியா நிலவரத்தையும் சேர்த்துக்குங்க. கத்திரி வெயில். ஷிப்ட் முடிகிற நேரம். ஒரகடம் ஜங்ஷனில் கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி எல்லாம் சேர்ந்து நிற்கும். வண்டி நகர்ந்தாத்தான் ரேடியேட்டருக்குத் தானா காற்று. நின்னா, ஃபேன் மட்டும்தான் கதி. ஏ.சி-யின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னாடியே உட்கார்ந்து தன் சூட்டையும் சேர்த்துத் தள்ளும். கூலன்ட் சரியில்லாத வண்டி மாட்டிக்கிறது இந்த மாதிரி இடத்துலதான்.

*

ஒர்க்ஷாப்புக்குப் போகலாமா?

'ஃப்ளஷ்'னா என்ன செய்வாங்கன்னு தெரிஞ்சிக்கிட்டுப் பக்கத்துல நில்லுங்க. மெக்கானிக் அண்ணனைச் சந்தேகப்பட இல்ல, கத்துக்க! மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்கு இது ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரோட லைவ் டெமோ.

முதல் விஷயம், இன்ஜின் ஆறியிருக்கணும். காலையில் முதல் வண்டியா விடுறது பெஸ்ட். ஹீட்டர் இருக்கிற காரில் அந்த நாப்பை ஃபுல் ஹாட்டில் வைப்பாங்க. அப்பத்தான் டாஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற குட்டி ரேடியேட்டரிலிருந்தும் பழசு வெளியே வரும்.

அடுத்து, ரேடியேட்டருக்கு அடியில் டிரெய்ன் காக்கைத் திறப்பாங்க. இல்லேன்னா கீழ் ஹோஸைக் கழட்டுவாங்க. அடியில் ட்ரே வைக்கணும். இதைக் கேட்டு வாங்குங்க. வர்ற திரவத்தைப் பாருங்க. தெளிவா வந்தா ஓகே. செங்கல் கலரில் வந்தா துரு. மேலே எண்ணெய் மிதந்தா உஷார். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்ப ஃப்ளஷ் மட்டும் போதாது.

இப்ப முக்கியமான கட்டம். ரேடியேட்டரைத் திறந்து காலி பண்ணினா பாதிதான் வரும். மீதி இன்ஜின் பிளாக்குக்குள் தங்கிடும். நடுவில் தெர்மோஸ்டாட்னு ஒரு வால்வு வாட்ச்மேன் மாதிரி நிற்கும். இன்ஜின் சூடு 80 டிகிரியைத் தாண்டினாத்தான் அது வழி விடும். அதனால நல்ல தண்ணி ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, அந்த வால்வு திறந்த பிறகு அணைச்சு, ஆறவிட்டு, திரும்பக் காலி பண்ணணும். வர்ற தண்ணி தெளிவாகிற வரை ரிப்பீட்டு! கடைசித் தடவை டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்கு ஊத்துவோமே, அதேதான். இந்த ஆறவிடுற நேரத்தினாலதான் வேலை இழுக்கும். 'பத்து நிமிஷத்துல முடிச்சுத் தர்றேன்'னு சொன்னா, அது ஃப்ளஷ் இல்ல, வெறும் டாப் அப்.

பிறகு புது கூலன்ட். கடையில் ரெண்டு வகை. ஒண்ணு, கான்சன்ட்ரேட், டிஸ்டில்டு வாட்டர் கலந்துதான் ஊற்றணும். இன்னொண்ணு, ரெடி மிக்ஸ், அப்படியே ஊற்றலாம். ரெடி மிக்ஸில் திரும்பத் தண்ணி கலந்தா காவல் பாதியாயிடும். 'கெட்டியா இருந்தா நல்லதுதானே'ன்னு கான்சன்ட்ரேட்டைக் கலக்காம ஊற்றினாலும் தப்பு. கிளைகாலைவிடத் தண்ணிதான் வெப்பத்தை நல்லா சுமக்கும். சுத்தமான கிளைகாலில் இன்ஜின் இன்னும் சூடாத்தான் ஓடும். பாதிக்குப் பாதி, ரெண்டு பேரோட நல்ல குணத்துக்கும் ஒரு ஒப்பந்தம்!

கடைசியா ஏர் லாக் எடுக்கணும். உள்ளே காற்றுக் குமிழி மாட்டினா, அந்த இடத்தில் திரவமே போகாது. இன்ஜினை ஓடவிட்டு, ஹோஸை அமுக்கி விட்டு, ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிற்கிற வரைக்கும் பார்ப்பாங்க. மறுநாள் காலை, வண்டி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டப்பாவில் 'மின்'னுக்கும் 'மேக்ஸ்'ஸுக்கும் நடுவில் மட்டம் இருக்கான்னு நீங்களே பாருங்க. இறங்கியிருந்தா, ஆறின இன்ஜினில் கொஞ்சம் ஊத்தலாம். அடுத்தடுத்த நாளும் இறங்கிக்கிட்டே போனா லீக். உடனே காட்டுங்க.

கலரைப் பார்த்து மயங்காதே!

பச்சை, சிவப்பு, நீலம், பிங்க்... கூலன்ட் கலரெல்லாம் கம்பெனி சேர்க்கிற சாயம், அவ்வளவுதான். லீக் ஆனா தெரியணும், தண்ணின்னு நினைச்சுடக் கூடாது... அதுக்காக. 'பச்சைன்னா இந்த வகை'ன்னு உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட சட்டம் எதுவும் கிடையாது.

நிஜமான வித்தியாசம் துரு தடுப்பு ரசாயனத்தில் இருக்கு. பழைய வகை, சிலிகேட் மாதிரி உப்புகளை வெச்சு உலோகம் முழுக்க ஒரு போர்வை போர்த்தும். சுமார் ரெண்டு வருஷத்தில் தீர்ந்துடும். ஓ.ஏ.டி. என்கிற புது வகை, கரிம அமிலங்களைக் கொண்டது. அரிப்பு ஆரம்பிக்கிற இடத்துக்கு மட்டும் போய் வேலை செய்யும். சுமார் அஞ்சு வருஷம் வரும். ரெண்டையும் கலந்த ஹைபிரிட் வகையும் உண்டு. பொருந்தாத ரெண்டு வகையை ஒரே ரேடியேட்டரில் கலந்தா காவல் பலம் குறையும். சில சமயம் ஜெல்லி மாதிரி திரண்டு குழாயை அடைக்கும். அதனால, ''பச்சை ஊத்துங்கண்ணே''ன்னு சொல்லாம, ''மேனுவல்ல போட்டிருக்கிற வகையை ஊத்துங்கண்ணே''ன்னு சொல்லுங்க.

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

ஃப்ளஷ்ஷுக்கு ஆகிற செலவு, சின்ன காரில் நாலு ஃப்ரெண்ட்ஸ் ஒரு தடவை பிரியாணி சாப்பிட்டு சினிமா பார்க்கிற செலவு ரேஞ்ச். அதை மிச்சம் பிடிச்சா? ஒருநாள் இன்ஜின் கொதிச்சு அலுமினிய ஹெட் வளையும். கேஸ்கெட் பிய்யும். ஆயிலும் கூலன்ட்டும் கலந்து டீ மாதிரி ஆயிடும். ஹெட்டைக் கழட்டி, லேத்துக்கு அனுப்பி, ஃபேசிங் பண்ணி, திரும்பக் கோக்கணும். பல ஆயிரம் காலி. மோசமா போனா இன்ஜினே சீஸ்.

சொந்த காருக்கே இப்படின்னா, லோன் போட்டு டாக்ஸி வாங்கி, கம்பெனி ஷிப்ட்டுக்கு ஆள் ஏத்துற அண்ணன்களை நினைச்சுப் பாருங்க. வண்டி ஒரு வாரம் ஷெட்டில் நின்னா ஒரு வாரச் சம்பாத்தியம் போச்சு. இ.எம்.ஐ. மட்டும் நிற்காது! உங்க வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு அண்ணன் இருந்தா, இந்தப் பக்கத்தைக் கிழிச்சு அவர் கையில குடுங்க.

*

வெளியே வந்த பிறகும்... அது தண்ணி இல்ல!

வண்டிக்குள் போகும்போது மட்டும் இல்ல, வெளியே வரும்போதும் இதே வரிதான். பல இடங்களில் பழைய கூலன்ட்டை அப்படியே கால்வாயில் விடுறாங்க. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி எத்தனை ஏரி! செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்கே குடிநீர். எத்திலீன் கிளைகால் தண்ணியோட சுத்தமா கலந்துடும். அது மட்கும்போது தண்ணியிலிருக்கிற ஆக்சிஜனை உறிஞ்சும். இன்ஜினிலிருந்து அது அள்ளிட்டு வந்த உலோகத் துகள் போனஸ்!

அதைவிடப் பெரிய ஆபத்து அதோட ருசி. எத்திலீன் கிளைகால் இனிக்கும். தரையில் தேங்கினதை நாயோ பூனையோ நக்கினா, கொஞ்சமா உள்ளே போனாலே சிறுநீரகம் போய் உயிர் போயிடும். குழந்தைகளுக்கும் அதே கதிதான். மிச்சம் இருக்கிற கூலன்ட்டைக் கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் எங்கே பார்த்தாலும் உடனே நிறுத்துங்க. பார்க்க அப்படியே ஜூஸ்! யாராவது தெரியாம குடிச்சிட்டா, வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். கேனையும் எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிதான்.

இந்தக் குடும்பத்தோட விஷம் என்னன்னு நம்ம ஏரியாவுக்கு ரொம்பக் கசப்பாவே தெரியும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடிச்ச 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனாங்க. அந்த மருந்து தயாரானது நம்ம சுங்குவார்சத்திரத்தில். தமிழக அரசு செய்த சோதனையில் அதில் 48.6 சதவிகிதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. மருந்தில் அனுமதிக்கப்படுகிற அளவு 0.1 சதவிகிதம்தான்! அந்த கம்பெனியின் லைசென்ஸ் ரத்தானது. அது கார் கூலன்ட் இல்லைதான். ஆனா எத்திலீன் கிளைகாலோட கூடப்பிறந்த தம்பி. இனிப்பா, நிறமில்லாம, தண்ணி மாதிரியே இருக்கிற திரவங்களை 'தண்ணிதானே'ன்னு அசால்ட்டா எடுக்கக் கூடாதுங்கிறதுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

ஸோ, ஒர்க்ஷாப்பில் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி: ''அண்ணே, பழைய கூலன்ட்டை என்ன பண்ணுவீங்க?'' மூடி போட்ட கேனில் தனியா சேர்த்து, அபாயக் கழிவு எடுக்கிறவங்ககிட்ட குடுக்கிற ஷாப்னா, அடுத்த தடவையும் அங்கேயே போங்க. நாலு பேர் கேட்க ஆரம்பிச்சா, மத்த ஷாப்பும் தானா மாறும்.

'எங்கிட்ட கார் இல்லையே...'

பைக் இருக்கா? 2008-ல் வந்த யமஹா ஆர்15 மாதிரி லிக்விட் கூல்டு பைக்கா இருந்தா, உங்களுக்கும் இதே பாடம். காற்றாலேயே குளிர்ந்த புல்லட்டுக்குப் பேர்போன ராயல் என்ஃபீல்டுகூட 2023-ல் ஹிமாலயன் 450-யில் லிக்விட் கூலிங்குக்கு வந்தாச்சு. எலெக்ட்ரிக் கார்தான் எதிர்காலம், கூலன்ட் எதுக்குன்னு கேட்கிறீங்களா? பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்க ஓடுறதும் கூலன்ட்தான். இந்த சப்ஜெக்ட்டுக்கு அரியர் கிடையாது பாஸ், எந்த செமஸ்டர்லயும் திரும்ப வரும்!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குட்டி ஹோம்வொர்க். காலையில் எழுந்ததும், இன்ஜின் ஆறியிருக்கும்போது வீட்டு வண்டியின் பானெட்டைத் திறங்க. ரேடியேட்டர் மூடியைத் தொடாம, அந்தப் பிளாஸ்டிக் டப்பாவின் மட்டத்தை மட்டும் பாருங்க. சர்வீஸ் புக்கில் கடைசியா எப்ப மாத்தினதுன்னு தேடுங்க. தேதியே இல்லேன்னா, அப்பாகிட்ட பக்குவமா சொல்லுங்க. ''தண்ணிதானேடா''ம்பார். என்ன பதில் சொல்லணும்னுதான் உங்களுக்கு இப்ப தெரியுமே!

அடுத்த வாரம் வேற ஒரு பார்ட்டோட வர்றேன். அதுவரைக்கும்... கூலா இருங்க!